குழாய் மேடத்தின் இடது கால்

எந்தப் பேச்சை எங்கே ஆரம்பித்தாலும் அதை நாலு வாக்கியத்துக்குள் ரத்தக் குழாயில் கொண்டுபோய் விடக்கூடியவர் உலகத்திலேயே ஒருவர்தான் உண்டு. அவர் சித்தூரில், நான் கணக்கு நடத்திய அதே தனியார் ஜூனியர் கல்லூரியில், விலங்கியல் நடத்தினார். மழையே இல்லையே என்று நீங்கள் ஆரம்பிப்பீர்கள். ஏரியில் தண்ணீர் இல்லை என்பார். அழுத்தம் இல்லாவிட்டால் மாடித் தொட்டிக்குத் தண்ணீர் எப்படி ஏறும் என்பார். அடுத்தது இதயம் வந்துவிடும். அதற்குப் பிறகு மணி அடித்தால்தான் நீங்கள் தப்பிக்கலாம்.

மாணவர்கள், ஆசிரியர்கள், வாட்ச்மேன், கேன்டீன்காரர் எல்லோருக்கும் அவர் குழாய் மேடம். அவருக்கும் அது தெரியும். ஒருமுறை என்னிடம், "பட்டப் பேரு வைக்கிறவங்க எப்பவும் தப்பாத்தான் வைப்பாங்க தம்பி. இத மட்டும் சரியா வச்சிட்டாங்க" என்றார். பெருமையாகவே சொன்னார்.

சித்தூரில் பல தலைமுறையாக இருக்கிற தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம் அவருடையது. ஐம்பதைத் தாண்டியவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சர்ச்சுக்குப் பின்னால் ஒரு பழைய வீட்டில் தனியாக இருந்தார். தம்பி ஒருவர் வெளிநாட்டில். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, ஆண்கள் கட்டும் பெரிய கடிகாரம். வகுப்பில் தெலுங்கு, என்னைப் போன்ற நகரி, புத்தூர் பக்கத்து ஆட்களிடம் தமிழ், திட்டுவதற்கு மட்டும் ஆங்கிலம்.

அவருடைய முதல் எதிரி 'நரம்பு' என்கிற சொல். தமிழானாலும் தெலுங்கானாலும் நம் ஊரில் கையில் பச்சையாகப் புடைத்துத் தெரிவதை நரம்பு என்றுதான் சொல்வோம். கல்லூரி வாசல் டீக்கடைக்காரருக்கு நின்று நின்று கெண்டைக்காலில் புழு சுருண்ட மாதிரி முடிச்சு முடிச்சாக இருந்தது. நரம்பு சுருட்டிக்கொண்டது என்று ஒரு நாள் அவர் மேடத்திடம் வாய் தவறிச் சொல்லிவிட்டார். மேடம் டீ கிளாஸைக் கீழே வைத்தார். கடைக்காரரைப் பெஞ்சில் உட்காரவைத்தார். நரம்பு சேதி கொண்டுபோவது, அதில் ரத்தம் ஓடாது என்றார். இது சிரை. பாதத்திலிருந்து இதயத்துக்கு ரத்தம் மேலே ஏறி வர வேண்டும், கீழேயிருந்து தள்ளிவிட அங்கே இன்னொரு இதயம் கிடையாது. அதனால் குழாய்க்குள்ளே மேல்பக்கம் மட்டும் திறக்கிற சின்னச் சின்னக் கதவுகள் இருக்கின்றன. கதவு சரியாக மூடாவிட்டால் ஏறின ரத்தம் திரும்ப இறங்கித் தேங்கும், குழாய் இப்படிப் புடைக்கும். இதை அவர் சொல்லி முடிக்கும் வரை கடைக்கு வந்த யாருக்கும் டீ கிடைக்கவில்லை.

மறுநாளிலிருந்து கடைக்காரர் கேட்டவர்களிடமெல்லாம் தனக்கு சிரை என்று சொல்ல ஆரம்பித்தார். ஆனால் அவர் வாயில் அது சிறை என்றுதான் வந்தது. அந்த வாரக் கடைசிக்குள் அவர் ஏதோ வழக்கில் மாட்டி உள்ளே போய் வந்தவர் என்று மார்க்கெட் வரைக்கும் பேச்சு பரவிவிட்டது.

இரண்டாவது எதிரி 'கெட்ட ரத்தம்'. தமனியில் நல்ல ரத்தம், சிரையில் கெட்ட ரத்தம் என்று எந்த மாணவனாவது எழுதினால் அந்த வரியைத் தாள் கிழியும்படி அடிப்பார். ரத்தத்தில் கெட்டது கிடையாது, ஆக்சிஜன் குறைந்ததுதான் உண்டு என்பார். இதயத்திலிருந்து வெளியே போனால் தமனி, இதயத்துக்குத் திரும்பி வந்தால் சிரை, அவ்வளவுதான். அதனால் நுரையீரலுக்குப் போகிற குழாயில் ஆக்சிஜன் குறைந்த ரத்தம் ஓடினாலும் அது தமனிதான். இந்த ஒரு விதிவிலக்கின் மேல் அவருக்கு அப்படியொரு பிரியம். வருஷா வருஷம் கேள்வித்தாளில் அதை எங்காவது ஒளித்துவைப்பார்.

ஒரு கோடையில் நாங்கள் சிலர் புத்தூர் பக்கம் எங்கள் மாந்தோப்புக்குப் போயிருந்தோம். மற்றவர்கள் மாங்காயைப் பார்க்க, இவர் சொட்டுநீர்க் குழாயைப் பார்த்துக் குந்தி உட்கார்ந்துவிட்டார். மோட்டாரிலிருந்து வரும் தடித்த குழாய்தான் பெருந்தமனி என்று என் நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, விளக்க ஆரம்பித்தார். அது பிரிந்து பிரிந்து சிறுத்து, கடைசியில் மரத்தடியில் சொட்டுகிற இடம் தந்துகி. தந்துகியின் சுவர் ஒரே ஒரு செல் அளவுதான் தடிமன். உள்ளே சிவப்பணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நுழைந்து போக முடியும். ஆக்சிஜனும் சாப்பாடும் அங்கேதான் கைமாறுகின்றன. நைனா கைகட்டிக் கேட்டுவிட்டு, தன் தண்ணீர் மரத்தோடு போய்விடுகிறதே, திரும்பி மோட்டாருக்கு வருவதில்லையே என்றார். மேடம் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டே, "உங்க தோட்டத்துல இருக்குற குறையே அதுதான்" என்றார். அதன் பிறகு பல நாள் நைனா, திரும்பி வர்ற பைப்புக்கு கவர்மெண்டு மானியம் குடுக்குதா என்று என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆசிரியர் கூட்டங்களில் அவர் இருந்தால் எங்களுக்கு வேறு வேலையும் உண்டு. மணிக்கணக்கில் உட்கார்ந்தால் காலில் ரத்தம் தேங்கும், கெண்டைக்கால் சதை அசைந்தால்தான் அது சிரையைப் பிழிந்து ரத்தத்தை மேலே அனுப்பும் என்பது அவர் கட்சி. பிரின்ஸ்பால் தேர்ச்சி விகிதத்தைப் பற்றி உருக்கமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது மேடம் விரலைச் சொடுக்குவார். நாங்கள் எழுந்து நின்று குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவோம். எதிரே மொத்த ஆசிரியர் குழுவும் கடல் அலைபோல ஏறி இறங்குவதைப் பார்த்தபடியே பேசி முடிக்க பிரின்ஸ்பால் பழகிக்கொண்டார்.

இப்படிப்பட்டவரைக் கடைசியில் ரத்தக் குழாய்தான் கவிழ்த்தது. ரத்தம் காலிலிருந்து எப்படி ஏறுகிறது என்று காட்டுவதற்காக வகுப்பில் ஒரு நாள் பெஞ்சின் மேல் ஏறினார், அங்கேயிருந்து மேஜைக்கு ஏறினார். ஏறும் ஒவ்வொரு தடவையும் பின்னால் கதவைச் சாத்துவதுபோலக் கையால் சைகை வேறு. மேஜை ஆடியது. இடது கணுக்கால் முறிந்தது. ஆட்டோ வருகிற வரைக்கும் தரையில் உட்கார்ந்தபடி, எலும்புக்குள்ளும் ரத்தக் குழாய் உண்டு, அதனால்தான் முறிந்த எலும்பு கூடுகிறது என்று நடத்திக்கொண்டிருந்தாராம்.

மாவுக்கட்டுப் போட்டு வாரக்கணக்கில் வீட்டில் இருந்தார். கட்டைப் பிரித்துவிட்டுக் கைத்தடியோடு கல்லூரிக்கு வந்தபோது இடது காலின் செருப்பு வாரை மட்டும் கடைசி ஓட்டையில் மாட்டியிருந்தார். கால் வீங்கியிருக்கிறதே, டாக்டரிடம் காட்டலாமே என்றேன். கட்டுப் பிரித்தால் கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும் என்றார். காலைப் பற்றி அவரிடம் பேச கல்லூரியில் யாருக்குத் துணிச்சல் வரும்? விட்டுவிட்டேன்.

அப்புறம் திருப்பதியில் பரீட்சைத் தாள் திருத்தும் பணி வந்தது. பஸ்ஸில் அவரால் ஏற முடியாது என்று சீனுவின் காரை ஏற்பாடு செய்தோம். சீனு எங்கள் தெருவில் வாடகைக் கார் ஓட்டுகிறவன். வீட்டில் தெலுங்கு, சவாரிக்குத் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். மேடம் பின் சீட்டில் இடது காலை நீட்டி உட்கார்ந்தார். நான் முன்னால். காலை வெயில் ஏறுவதற்குள் கிளம்பிவிட்டோம்.

ஊரைத் தாண்டுவதற்குள் பாடம் ஆரம்பித்துவிட்டது. தமனியின் சுவர் மூன்று அடுக்கு, நடு அடுக்கில் தசையும் ரப்பர் மாதிரி இழுபடுகிற நாரும் இருக்கும். இதயம் தள்ளும்போது சுவர் விரியும், விட்டதும் சுருங்கும். மணிக்கட்டில் நாம் தொட்டுப் பார்க்கிற நாடி அதுதான். சீனு ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தான். திருப்பதி வரைக்கும் இப்படித்தானா என்று அந்தப் பார்வை கேட்டது.

பாகாலா பக்கம் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். எங்கே வண்டி நின்றாலும் எல்லோரையும் இறக்கி நடக்கவைக்கிறவர் அன்று இறங்கவில்லை. வெயில் என்றார். டீயும் வேண்டாம் என்றார். நானும் சீனுவும் குடித்துவிட்டு வந்து ஏறினோம்.

வண்டி கிளம்பியதும் காலில் ரத்தம் கட்டுவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். வழக்கமாக மூச்சு விடாமல் பேசுகிறவர், இப்போது வாக்கியத்தின் நடுவில் நின்று நின்று போனார். கால் அசையாமல் வெகுநாள் கிடந்தால் ஆழத்தில் இருக்கிற சிரையில் ரத்தம் உறைந்து கட்டியாகலாம் என்றார். அது அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்தால் கால் வீங்கும், வலிக்கும். கழன்றுகொண்டால்தான் ஆபத்து. தொடை வழியாக வயிற்றில் இருக்கிற பெருஞ்சிரைக்கு ஏறும். குழாய் மேலே போகப் போக அகலமாகிக்கொண்டே போகிறதால் வழியில் எங்கேயும் சிக்காது. நேராக இதயத்தின் வலது பக்கம். அங்கேயிருந்து நுரையீரல் தமனி. அங்கே குழாய் பிரிந்து பிரிந்து மறுபடி குறுகுகிறது. அங்கே போய் அடைத்துக்கொள்ளும்.

நான் சும்மா பேச்சுக்குத்தான் கேட்டேன், அடைத்துக்கொண்டால் அந்த ஆளுக்கு என்ன செய்யும் என்று.

"மூச்சு வாங்கும் தம்பி. நெஞ்சு படபடன்னு அடிச்சிக்கும். மூச்ச இழுத்தா... இங்க குத்தும்" என்று வலது விலாவில் கையை வைத்துக் காட்டினார்.

காட்டிய கை அங்கேயே இருந்தது.

நான் திரும்பி உட்கார்ந்து அவரைப் பார்த்தேன். ஏசி ஓடிக்கொண்டிருந்தும் நெற்றியிலும் மேலுதட்டிலும் வியர்வை. உதடு வெளுத்திருந்தது.

"மேடம், கைய ஏன் எடுக்காம இருக்கீங்க?"

அவர் குனிந்து தன் கையைப் பார்த்தார். பிறகு சீட்டில் நீட்டியிருந்த காலைப் பார்த்தார். பரீட்சை ஹாலில் கேள்வித்தாளைத் திருப்பிப் பார்க்கிற பிள்ளையின் முகம் அது.

"சீனு, கொஞ்சம் வேகமா போப்பா" என்றார்.

அமைதியாகத்தான் சொன்னார். சீனு அதுவரை பாட்டை மெல்ல வைத்து ஓட்டிக்கொண்டிருந்தான். அதை நிறுத்திவிட்டு இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தான். திரும்பிச் சித்தூருக்கே போகலாமா என்றேன். பாதிக்கு மேல் வந்துவிட்டோம் சார், திருப்பதிதான் பக்கம் என்றான்.

சந்திரகிரி வரை வண்டி பறந்தது. அதற்குப் பிறகு நகரவில்லை. மலைக்குப் போகிற வேன்கள், மொட்டை போட்டுத் திரும்புகிற கூட்டம், மஞ்சள் துணி கட்டி நடந்து வருகிறவர்கள் என்று சாலை நிரம்பியிருந்தது. சீனு ஹாரனில் கையை வைத்தபடி ஜன்னல் கண்ணாடியை இறக்கி, தெலுங்கில் ஒவ்வொரு வண்டியிடமும் கெஞ்சிக்கொண்டே போனான். நான் நடுவழியில் பின் சீட்டுக்கு மாறியிருந்தேன். மேடம் மணிக்கட்டை என் பக்கம் நீட்டி நாடியை எண்ணச் சொன்னார். விரல் வைத்தேன். அது ஓடிய வேகத்தில் எனக்கு எண்ணிக்கை தப்பியது. மறுபடி ஆரம்பித்தேன், மறுபடி தப்பியது.

"கணக்கு வாத்தியாரு" என்றார். சிரிக்கப் பார்த்தார். மூச்சு போதவில்லை. பிறகு தலை என் தோளில் சாய்ந்தது. கூப்பிட்டேன். பதில் இல்லை.

அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் என்னென்னவோ சத்தம் போட்டிருக்கிறேன் என்று சீனு பிற்பாடு சொன்னான். எனக்கு நினைவில்லை. நினைவிருப்பது, அவன் சாலையின் எதிர்ப்பக்கம் ஏறி விளக்கைப் போட்டுக்கொண்டு ஓட்டியதும், ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரில் படுக்கவைக்கும்போது மேடம் கண்ணைத் திறந்து தடி எங்கே என்று கேட்டதும்தான்.

உள்ளே முகத்தில் ஆக்சிஜன் மாட்டினார்கள். நான் காலைப் பற்றியும் மாவுக்கட்டைப் பற்றியும் சொல்லச் சொல்ல, இளம் டாக்டரம்மா ஒருவர் கேட்டுக்கொண்டே இரண்டு கெண்டைக்காலையும் தொட்டுப் பார்த்தார். ஊசி போட வந்த நர்ஸ் கையில் பட்டியைக் கட்டி, தட்டித் தட்டித் தேடினார். ரத்த அழுத்தம் இறங்கிப் போயிருந்ததால் ஒன்றும் எழும்பவில்லை. தமிழ் தெரிந்த பெண். டாக்டரிடம் திரும்பி, "நரம்பே கெடைக்கல மேடம்" என்றார்.

குழாய் மேடத்தின் மற்ற கை மெதுவாக எழுந்தது. முகமூடியைக் கொஞ்சம் தூக்கினார். "நரம்பு இல்லம்மா. சிரை."

நர்ஸ் அந்தக் கையைப் பிடித்து முகமூடியைத் திரும்ப வைத்துவிட்டு, "சரிம்மா, அதுவும் கெடைக்கல" என்றார். பிறகு புறங்கையில் எங்கேயோ தேடி ஒரே குத்தில் ஏற்றிவிட்டார்.

ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்ததும் டாக்டரம்மா என்னைக் கட்டிலருகே கூப்பிட்டு, மேடத்துக்கும் கேட்கும்படியே சொன்னார். நுரையீரல் தமனியின் இரண்டு கிளையிலும் பெரிய அடைப்பு. இதயம் தள்ளித் தள்ளிக் களைத்துப்போகிறது. கட்டியைக் கரைக்கிற மருந்து ஒன்று உண்டு. அதைக் கொடுத்தால் உயிர் பிழைக்க நல்ல வாய்ப்பு. ஆனால் அது உடம்பில் வேறு எங்கேயாவது, மூளையில்கூட, ரத்தம் கசியவைக்கலாம். சீக்கிரம் முடிவு சொல்ல வேண்டும். நான் அவருக்கு என்ன உறவு என்று கேட்டார். கூட வேலை செய்கிறவன் என்றேன். மேடத்தின் போனிலிருந்து வெளிநாட்டில் இருக்கும் அவர் தம்பிக்கு அடித்துப் பார்த்தேன், எடுக்கவில்லை. அங்கே நடுராத்திரியாக இருந்திருக்கும்.

டாக்டரம்மா, மேடத்தைப் பார்த்தார். மேடம் என்னைப் பார்த்தார். அத்தனை வருஷத்தில் அவர் யாரிடமும் யோசனை கேட்டு நான் பார்த்ததில்லை.

"தம்பி, நீ சொல்லு. பாடத்துல இருந்தா நான் சொல்லிடுவேன். இது எனக்குத் தெரியல."

எனக்கு மட்டும் என்ன தெரியும்? டாக்டரின் முகத்தைப் பார்த்தேன். பிறகு மேடத்தின் கை என் சட்டைக் கையைப் பிடித்திருந்ததைப் பார்த்தேன். "போட்டுக்குங்க மேடம்" என்றேன். அவர் டாக்டரைப் பார்த்துத் தலையாட்டினார். என்னை வெளியே போகச் சொன்னார்கள்.

வராந்தா ஜன்னலுக்கு நேராகத் திருமலை தெரிந்தது. சீனு அதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றான். சவாரி முடிந்து அவன் எப்போதோ கிளம்பியிருக்கலாம். கிட்டே போனதும் மேடத்தின் பெயர் என்ன என்று கேட்டான். வேண்டிக்கொள்ளும்போது பெயர் சொல்ல வேண்டுமாம். சொன்னேன். கொஞ்சம் யோசித்தான்.

"பர்வாலேது சார், இருக்கட்டும். குழாய் மேடம்னு முன்னாடியே சொல்லிட்டேன். பேர மாத்தினா சாமி கன்ஃபியூஸ் ஆயிடுவாரு."

மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே யாராவது வேகமாக நடந்தால் எழுந்து நிற்பேன், மெதுவாக நடந்தால் உட்காருவேன். மூளையில் ரத்தம் கசிந்தால் எப்படித் தெரியும், பேச்சு குழறுமா என்று யோசித்தேன். அவருக்குப் போய்ப் பேச்சு குழறுவதா என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது. சீனு எதுவும் கேட்காமல் ஒரு தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தான்.

சாயங்காலம் டாக்டரம்மா கதவைத் திறந்துகொண்டு வந்தார். முகத்தில் அலுப்பும் சிரிப்பும் கலந்திருந்தன. அழுத்தம் ஏறிவிட்டது, மூச்சு சீராகிறது, இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும் என்றார். அடைப்பு எந்தக் குழாயில் என்று நோயாளி மறுபடி ஒருமுறை கேட்டாராம். நுரையீரல் தமனி என்றதும், அதில் எந்த ரத்தம் ஓடும் என்று இவரையே கேள்வி கேட்டாராம். "நாங்களும் படிச்சிட்டுத்தான் வந்தோம்னு சொல்லுங்க சார்" என்றார் டாக்டரம்மா.

மறுநாள் உள்ளே விட்டார்கள். மேடம் தலையணையில் சாய்ந்திருந்தார், ஒரே நாளில் இளைத்தவர்போல. ஊருக்கெல்லாம் சொன்னவர், கால் வீங்கினபோதே தெரியவில்லையா என்று கேட்க நினைத்து, கேட்காமல் ஸ்டூலை இழுத்துப் போட்டேன். அவரே சொன்னார்.

"பாடத்துல வர்ற காலெல்லாம் மத்தவங்க காலுன்னே நெனைச்சிக்கினு இருந்துட்டேன் தம்பி."

ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எழுதிக்கொடுத்து, காலுக்கு இறுக்கமான நீள சாக்ஸ் மாட்டி அனுப்பினார்கள். கூட்டிப் போக சீனுதான் வந்தான். பின் சீட்டில் இரண்டு தலையணை போட்டு வைத்திருந்தான். மேடம் ஏறி உட்கார்ந்தார். ஊர் எல்லை தாண்டியது, சந்திரகிரி தாண்டியது, அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. வலிக்கிறதா என்றேன். இல்லை என்று தலையசைத்தார். ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். பயந்துபோன ஒருவர் எப்படி உட்கார்ந்திருப்பாரோ அப்படி உட்கார்ந்திருந்தார். காருக்குள் அந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை.

பாகாலா பக்கம் வந்தபோது சீனு தொண்டையைச் செருமினான்.

"மேடம், எங்க ஓனருக்குக் கோவம் வந்தா மொகம் எர்ரகா ஆயிடுது. சிவந்து போயிடுது. அது ஏன் மேடம்?"

சீனு கண்ணாடியைப் பார்த்தான், நான் ரோட்டைப் பார்த்தேன். பின்னால் தலையணை நகர்ந்தது.

"தோலுக்கு அடியில சின்னச் சின்ன தமனி இருக்குதுப்பா" என்று மெதுவாக ஆரம்பித்தார். "அதோட சுவர்ல தசை இருக்குது. அது தளர்ந்து குடுத்தா குழாய் அகலமாயிடும்..."

குழாய் அகலமானால் தோலின் தந்துகிகளில் ரத்தம் நிறையும், அதுதான் அந்தச் சிவப்பு. வெயிலில் அப்படித்தான் உடம்பு சூட்டை வெளியே விடுகிறது. குளிரில் அதே குழாய் சுருங்கி, சூட்டை உள்ளே பிடித்துவைக்கிறது. குரல் ஏறிக்கொண்டே வந்தது. நடுவில் சீனு ஓனரின் மூக்கைப் பற்றி ஒரு சந்தேகம் கேட்டு, அதற்கும் விளக்கம் வாங்கினான். காணிப்பாக்கம் திருப்பம் தாண்டியபோது அவர் ஓனரின் காது வரைக்கும்தான் வந்திருந்தார். சித்தூர் கிட்டே வந்துவிட்டது. சீனுவின் தோளைத் தொட்டு, கொஞ்சம் மெதுவாகவே போகச் சொன்னேன்.